கழுத்தளவு என்று போட்டிருந்தது

அந்தப் படத்தில் பத்துத் தலைகள் இருந்தன. தலைகள் மட்டும்தான். காலை வெயிலில் ஏரி தகடு மாதிரி வெளுத்துக் கிடக்க, அதன்மேல் யாரோ பத்துப் பானைகளைக் கவிழ்த்து மிதக்கவிட்டது போல நாங்கள் தெரிந்தோம். முதலில் இருப்பது என் நாத்தனாரின் தலை. உச்சியில் முடிந்திருக்கும் கொண்டையை வைத்தே சொல்லிவிடலாம். வரிசையின் கடைசியில், தாடை தண்ணீருக்குள் அமிழ்ந்து பாதி முகம் மட்டும் தெரிகிறதே, அது நான். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘பழவேற்காடு ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கும் பெண்கள்.’ ஊர்க்கூட்டத்தில் ஒரு செல்போன் கைமாறிக் கைமாறிப் பெண்கள் பக்கம் வந்தபோதுதான் நாங்கள் அதை முதன்முதலாகப் பார்த்தோம். நாத்தனார் போனைத் தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்து, வரியை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கூட்டம் என்றும் பார்க்காமல் சிரித்தார். “நிக்கறாங்களாமே! யாரும்மே நின்னது? நின்னுகினு எறா புடிக்க நாம இன்னா கொக்கா?” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் அவர். நான் கூப்பிடுவது அண்ணி என்று. நானும் ஏரிக்கரையில் பிறந்தவள்தான், வேலைக்குப் பயந்தவள் இல்லை. எனக்குப் பயம் மனிதர்களிடம்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் என் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததில் ‘உள்ளேன் ஐயா’ என்பதைத் தவிர வேறு எதையும் சத்தமாகச் சொன்ன ஞாபகம் இல்லை. அண்ணி எனக்கு நேர் எதிர். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஆனால் அவர் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் வலை கட்டுகிறவர் பதில் சொல்வார். எனக்கு வேண்டியதைக் கூட அவர்தான் கேட்டு வாங்கித் தருவார். மளிகைக் கடையில் எனக்கு என்ன சோப்பு வேண்டும் என்று கடைக்காரர் அண்ணியைத்தான் கேட்பார். அப்படியே இருபது முப்பது வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் வேலை நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவோம். சேலையை முழங்காலுக்கு மேலே வாரிச் செருகி, மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, சேற்றில் முட்டியை ஊன்றிக் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வோம். விரலுக்குள் இறால் துள்ளும்போது அமுக்கி எடுத்து, பறி என்கிற ஓலைக்கூடையில் போட வேண்டும். கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். குனிந்து உட்கார்ந்த உடம்புக்குத் தண்ணீர் கழுத்துக்கு வரும். அதே இடத்தில் எழுந்து நின்றால் பாதித் தொடைதான்.

வரிசையில் நகரும்போது யாருக்கு என்ன தட்டுப்பட்டாலும் பறியைக் கையில் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். கல், முள், உடைந்த பாட்டில், வாலால் கொட்டுகிற திருக்கை மீன், எதுவானாலும். அதில் அண்ணி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். திருக்கை என்று ஒருத்தி கத்தினால் அத்தனை பேரும் அசையாமல் அப்படியே இருக்க வேண்டும். பார்த்தாயா, தொட்டாயா என்று கேட்கக் கூடாது. ஆனால் ‘இங்க எறா நெறைய கீது’ என்று கத்தினால் வரிசை உடனே திரும்பாது. பக்கத்தில் இருப்பவள் போய்க் கை வைத்துப் பார்த்து, ஆமாம் என்று சொன்ன பிறகுதான் திரும்பும். “பயங்காட்டற சேதிய ஒடனே நம்பு. ஆச காட்டற சேதின்னா இன்னொரு கை வெச்சிப் பாக்கட்டும்” என்பார். ஒருமுறை அவரே இறால் என்று கத்த, பக்கத்தில் இருந்தவள் கை வைத்துப் பார்த்து, “அண்ணி, இது யாரோட செருப்போ” என்று தூக்கிக் காட்டினாள். அன்றைக்கு முழுக்கச் சிரித்தோம். அண்ணியும்தான். நான் மட்டும் குரல் கொடுக்க மாட்டேன். எனக்கு ஏதாவது தட்டுப்பட்டால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டுவேன். அந்தச் சத்தத்தை அண்ணி கேட்டுப் புரிந்துகொண்டு எனக்கும் சேர்த்துக் கத்துவார்.

இனிக் கூட்டத்துக்கு வருகிறேன். டவுனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பூநாரை பார்க்க வருகிறவர்களை மோட்டார் போட்டில் கூட்டிப்போகிற தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னார். போட்டு போக அவர் கேட்ட வழி நாங்கள் தடவுகிற இடத்தின் நடுவாகப் போனது. அது குறுக்கு வழி. ஊர்த் தலைவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “அங்க ஆழம் இல்லீங்க. பொம்பளைங்க பொழப்பு பண்ற எடம். நீங்க மேக்கால சுத்திப் போங்க, அங்க நல்ல ஆழம்.” போட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். “நீங்க வழி விடக் கூடாதுன்னு சொல்றீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா உலகமே படிக்கிற புத்தகத்துல போட்டிருக்கு பாருங்க. கழுத்தளவு. என் போட்டுக்கு அது போதும்” என்றார். அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்து, மனுவோடு சேர்த்து ஆபீசில் கொடுத்தும் விட்டாராம். ஓர் அதிகாரி வந்து இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

போட்டு வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடிச்சேறு கலங்கினால் இறால் அங்கே தங்காது. அதைவிட, தலை மட்டும் வெளியே தெரிய நாங்கள் குனிந்திருக்கும் இடத்தில் இரும்பு இறக்கை சுற்றிக்கொண்டு ஒரு மோட்டார் வரும். அண்ணி அப்போதுதான் சிரிப்பதை நிறுத்தினார். “அந்தத் தண்ணி போச்சின்னா நானு எங்கமே போவேன்? எனக்கு வேற இன்னா தெரியும்?” என்று வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் கேள்வி கேட்பதே அபூர்வம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்து வந்தேன்.

என் மகன் புதுப் போன் வாங்கிக்கொண்டு, கண்ணாடி கீறல் விட்ட பழைய போனை எனக்குக் கொடுத்திருந்தான். மகன் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலைக்குப் போகிறவன், சாயங்காலம் போன் பண்ண எனக்கு அது. பொட்டலம் கட்டி வரும் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுப் போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். அதற்குக் கலைக்களஞ்சியம் என்று பெயராம். எங்கள் ஏரியைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை, எத்தனை வகை நண்டு, லைட்ஹவுஸ் எப்போது கட்டியது. நிறைய விஷயம் சரியாகவே இருந்தது. எனக்கே தெரியாதது பாதிக்கு மேல். இத்தனை சரியாக எழுதியவர் கழுத்தளவு என்று ஏன் எழுதினார் என்று யோசித்துக்கொண்டே விரலை மேலே தள்ளினபோது, ஓரத்தில் ‘தொகு’ என்று ஒரு சொல் இருந்தது. அழுத்தினேன். பக்கம் திறந்துகொண்டு, எழுத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டு நின்றது. எழுது என்று சொல்கிற மாதிரி. யார் எழுதலாம் என்று அங்கே ஒன்றும் போடவில்லை. யாரும் எழுதலாம் என்பதே அப்புறம்தான் புரிந்தது.

நாலு பேர் முன்னால் பேச வராதவள் நான். ஆனால் அங்கே என் முகத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை. அதை நினைத்ததும் ஒரு துணிச்சல் வந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கழுத்தளவு என்பதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘இது தொடையளவுத் தண்ணீர். பெண்கள் நிற்கவில்லை. முட்டிபோட்டு இருக்கிறார்கள். எனக்குத் தெரியும்.’ பொத்தானை அழுத்திவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன், அது ஏதோ கூப்பிட்டுவிடும் போல. பஞ்சாயத்துக் கூட்டத்தில் வாய் திறக்காத நான் உலகமே படிக்கிற இடத்தில் நாலு வரி பேசிவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை. பயத்தினால் இல்லை. சந்தோஷத்தினால்.

மறுநாள் பார்த்தால் என் நாலு வரியும் இல்லை. பழையபடி கழுத்தளவு. கூடவே, அந்தப் பக்கத்தைச் சரிபார்க்கிற ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி. எழுதியவர் தன் பெயருக்குப் பதிலாக ஒரு பூவின் பெயரை வைத்திருந்தார். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ‘வணக்கம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எனக்குத் தெரியும் என்பதைச் சான்றாகக் கொள்ள இயலாது. நூலோ, செய்தியோ, அரசு அறிவிப்போ இருந்தால் தருக’ என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு மூக்கு விடைத்தது. “இன்னாமே இது! கால் நனையாத ஆளு, தண்ணியிலயே கெடக்கறவகிட்ட சான்று கேக்குதா? அதோட தலையெழுத்து. நீ எழுது: சான்று வேணும்னா வந்து எறங்கிப் பாருன்னு எழுது!” என்றார்.

அப்படியேதான் எழுதினேன், மரியாதையோடு. ‘ஒருநாள் நேரில் வந்து பாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்’ என்று. அதற்கும் பதில் வந்தது. ‘அழைப்புக்கு நன்றி. நான் நேரில் வந்து பார்த்தாலும் அது சான்றாகாது. நாங்கள் கண்ணால் பார்த்ததை நாங்களே இங்கே எழுதக் கூடாது என்பது விதி.’ இதைக் கேட்டதும் அண்ணி கோபத்தை மறந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணால் பார்த்தாலும் எழுதக் கூடாதாம், வேறொருவர் பார்த்து அச்சடித்திருக்க வேண்டுமாம். “இதுக்குத்தான் படிக்கக் கூடாதுன்றது” என்று என் தோளில் ஒரு அடி வைத்தார்.

நானும் கூடச் சிரித்தேன். ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோது, பூப்பெயர்க்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத் தெரியும் என்று நான் எழுதினேன். நாளைக்கு அந்தப் போட்டுக்காரரும் அதே இடத்தில் ஆளளவு ஆழம், எனக்குத் தெரியும் என்று எழுதலாம். அவருக்கும் அதே பொத்தான்தான், அதே சின்னக் கோடுதான். தூரத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் பூப்பெயர்க்காரருக்கு எங்கள் இரண்டு பேரில் யார் சேற்றில் இருப்பவர் என்று எப்படித் தெரியும்? அவர் செய்வது அண்ணி செய்வதுதானே? ஒருத்தி இறால் என்று கத்தினதும் வரிசையைத் திருப்பாமல் இன்னொரு கை வைக்கச் சொல்வது. இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் பறிக்கு ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “சரி. அப்போ கழுத்தளவுன்னு போட்டானே, அதுக்கு எவன் இன்னொரு கை வெச்சான்?” என்றார். அது ரொம்ப நியாயமான கேள்வி.

அதிகாரி வருகிற நாள் தெரிந்ததும் அண்ணி ஒரு திட்டம் போட்டார். நாம் யாரும் கரையில் நின்று கத்த வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். வழக்கம் போலத் தண்ணீரில் இறங்கி, போட்டுக்காரர் கேட்கிற அதே இடத்தில் வேலை செய்வோம். அதிகாரி வந்து பார்க்கட்டும், இது பிழைப்பு நடக்கிற இடம் என்று அவருக்கே தெரியும். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பத்துப் பேரும் அன்று விடிந்ததும் இறங்கி, வரிசை பிசகாமல் தடவிக்கொண்டிருந்தோம். அவர் கண்ணில் நன்றாகப் படட்டும் என்று கரைக்குக் கொஞ்சம் கிட்டேயே.

ஜீப் வந்தது. அதிகாரி, போட்டுக்காரர், ஊர்த் தலைவர், ஊர் ஆண்கள் ஏழெட்டுப் பேர் கரையில் வந்து நின்றார்கள். அதிகாரி கையில் அந்தத் தாள் இருந்தது. பத்துத் தலைகள் போட்ட தாள். அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். ஏரிக்கு மேலே பேச்சு நன்றாகக் கேட்கும். போட்டுக்காரர் சொன்னது அப்படியே எங்கள் காதில் விழுந்தது: “பாருங்க சார், அச்சு அசலா அதேதான். கழுத்து மட்டும் தண்ணி. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அவங்களே நின்னு காட்டறாங்க.” அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

எங்கள் திட்டமே எங்களைக் கவிழ்த்துவிட்டது. ஊர்த் தலைவர் பதறி, “சார், அதுங்க உக்காந்துகினு இருக்குது சார்” என்றார். “தண்ணில யாருங்க உக்காருவா?” என்று போட்டுக்காரர் சிரித்தார். கரையில் இருந்தவர்களில் சிலரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, “எம்மா, எழுந்து நில்லுங்கம்மா! எழுந்துதான் நில்லுங்களேன்!” என்று கத்தினார். அவர் எனக்கு மாமனார் முறை. இன்னும் இரண்டு பேருக்கு மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் முறை. ஈரச் சேலை உடம்போடு ஒட்டியிருக்க, அதையும் வாரிச் செருகியிருக்க, பொத்தான் போன சட்டையோடு, வெளியூர் ஆண்களும் மாமனாரும் பார்க்க எப்படி எழுவது? அவர் எழு எழு என்று கத்தக் கத்த, நாங்கள் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனோம். கழுத்தில் இருந்த தண்ணீர் தாடைக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது, அந்தப் படத்தில் என் தாடை ஏன் தண்ணீருக்குள் இருக்கிறது என்று. கரையில் கேமராவோடு யார் வந்து நின்றாலும் நாங்கள் இதைத்தான் செய்வோம். வேலையை நிறுத்தி, முடிந்தவரை அமிழ்ந்து, அவர் போகும்வரை அசையாமல் இருப்போம். வந்தவர் கண்ணுக்குப் பத்துத் தலைகள்தான் தெரியும். பார்த்ததைப் படம் எடுத்தார், தெரிந்ததை எழுதினார். பொய் சொல்லவில்லை. இன்னொரு கை வைத்துப் பார்க்க வந்தவருக்கும் அதே பத்துத் தலைகளைத்தான் காட்டியிருப்போம். உலகமே படிக்கிற அந்தப் புத்தகத்தில் கழுத்தளவு என்று எழுத வைத்தது நாங்கள்தான். எங்கள் வெட்கம்தான்.

அண்ணி ஏதோ கத்தப் பார்த்தார். பல்லில் பறி இருந்ததால் சத்தம் மட்டும் வந்தது. பறியைத் துப்பினார். அது இறாலோடு மிதந்து போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டியில் கையை ஊன்றி, ‘யம்மா’ என்று ஒரு முனகலோடு எழுந்து நின்றார். தலை, மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டே இருந்தது. அவருக்குப் பாதித் தொடை தண்ணீருக்கு மேலே இருந்தது. ஈரச் சட்டை ஒருபக்கம் சரிய, சேறு முழங்கையில் வழிய, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “நல்லாப் பாத்துக்க சார்! எழுதிக்க! இதான் உங்க கழுத்தளவு!” என்றார்.

அவர் நின்றதும் அடுத்தவள் நின்றாள். அப்புறம் அதற்கடுத்தவள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. நிற்கத்தான் நினைத்தேன், பறியைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையைப் பார்த்தார். கடைசியில் ஒரு தலை மட்டும் தண்ணீரை ஒட்டி இருந்தது. அதைப் பேனாவால் சுட்டிக்காட்டி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “அந்த இடம் மட்டும் ஆழமாம்மா?”

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் சிரிப்பை அடக்கிக் கோணியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

“அது ஆழம் இல்ல சார்” என்றார். “அது வெக்கம்.”

கரை முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரித்தார், தலைவர் சிரித்தார், ஜீப்பில் உட்கார்ந்திருந்த டிரைவர் சிரித்தார். போட்டுக்காரருக்கே அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, வாயில் இருந்த பறி நழுவி, உப்புத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போய்ப் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே இருந்ததில் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது நின்றுகொண்டிருந்தேன். காற்று ஈர உடம்பில் பட்டுச் சிலிர்த்தது. இத்தனை வருஷம் தடவிய இடத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தது அன்றைக்குத்தான். ஏரி எவ்வளவு அகலம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி அத்தோடு விடவில்லை. செருப்பைக் கழற்றி, பேண்ட்டை மடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தார். அண்ணியின் கட்டுப்பாடு தெரியாத மனிதர், ஆனால் இன்னொரு கை வைத்துப் பார்க்க வந்துவிட்டார். நாலு இடத்தில் நின்று பார்த்தார். ஐந்தாவது இடத்தில் சேறு ஒரு காலைப் பிடித்துக்கொள்ள, அண்ணிதான் கையைக் கொடுத்து இழுத்தார். மடித்தும் பேண்ட் நனைந்துவிட்டது. பிறகு வந்த முடிவு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. போட்டு மேற்கே ஆழத்தில் சுற்றிப் போகலாம், குறுக்கே வரக் கூடாது. போட்டுக்காரரும் அப்படியே ஓட்டுகிறார். வழியில் பார்த்தால் அண்ணியை விசாரிப்பார்.

முடிவை ஒரு தாளில் அடித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். அதில் ‘மேற்படி இடத்தில் நீரின் ஆழம் தொடையளவே உள்ளது, பெண்கள் அமர்ந்த நிலையில் இறால் பிடிக்கின்றனர்’ என்று ஒரு வரி. நான் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், அறிவிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு வந்தேன். மறுபடி ‘தொகு’ பொத்தான், மறுபடி ஒற்றை விரல். இந்த முறை எனக்குத் தெரியும் என்று எழுதவில்லை. அறிவிப்பு எண்ணைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பூப்பெயர்க்காரர், ‘மிக்க நன்றி. நல்ல சான்று’ என்று எழுதியிருந்தார். நான் எழுதிய வரி நின்றுவிட்டது. அதன் முடிவில் தலைக்கு மேலே ஒரு சின்ன எண் உட்கார்ந்துகொண்டது. அதை அழுத்தினால் பக்கத்தின் அடியில் பஞ்சாயத்து அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று போடவில்லை. அங்கே அண்ணியின் இரண்டு கால்கள் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தை நம்பலாமா என்று என்னை யாராவது கேட்டால், கேட்கமாட்டார்கள், கேட்டால், நம்பலாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தையாவது அதில் போய்ப் பார்த்துவிட்டு நம்புங்கள் என்பேன். அங்கே பிழை இருந்தால் எழுதினவரைத் திட்டுவதற்கு முன்னால், நாம் எங்கே ஒளிந்துகொண்டிருந்தோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நானும் அதில் பிழை எழுதியிருக்கிறேன். கையால் இறால் பிடிப்பது பெண்கள்தான் என்று ஒருநாள் அடித்துச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே யாரோ அதைத் திருத்தி, ஆண்களும் பிடிப்பதுண்டு என்று சான்றோடு போட்டார்கள். முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தால், வடக்கே இருக்கிற குப்பங்களில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் இறங்குகிறார்கள். எனக்கே தெரிந்த விஷயம். என் கண்ணுக்கு எங்கள் வரிசை மட்டும்தான் உலகமாக இருந்திருக்கிறது. திருத்தியவருக்கு ஒரு நன்றி எழுதினேன். முன்பின் தெரியாதவருக்கு நன்றி சொல்ல எனக்குக் கூச்சமே இல்லாமல் போய்விட்டது, எழுத்தில் மட்டும்.

அண்ணி இப்போது தண்ணீருக்கு வருவதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பாலைவனத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் நெல் வயல், நல்ல காற்று, வாசலிலேயே பஸ். அங்கேயும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நடவு நடுகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நாள் தவறாமல் எனக்குப் போன் வரும். எத்தனை இறால், யார் யார் வந்தார்கள், காற்று எப்படி என்று கேட்டுவிட்டு, “புஸ்தகத்துல இன்னா போட்டுகீறாங்க இன்னிக்கி?” என்பார். போன வாரமும் அப்படித்தான் கேட்டார். புதிதாக ஒன்றும் இல்லை என்றேன்.

“என் பேரு போட்டுகீதா அதுல?”

“பேரெல்லாம் போட மாட்டாங்க அண்ணி.”

“அப்போ நம்பளப் பத்தி இன்னாதான் கீது? படி.”

படித்தேன். ‘இப்பெண்கள் அமர்ந்த நிலையில் இறால் பிடிக்கின்றனர். எழுந்து நின்றால் நீர் தொடையளவே இருக்கும்.’ அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது.

“‘எழுந்து நின்னா’ன்னு போட்டுகீதுல்ல” என்றார் அண்ணி. “அது நாந்தாம்மே.” பிறகு குரல் மாறியது. அவர் சிரிக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. “நீ கடேசிவரிக்கும் நிக்காம கெடந்தியே, அத்த போட்டாங்களா?”

“இல்ல அண்ணி” என்றேன். “அதுக்குச் சான்று இல்ல.”

இருவரும் சிரித்ததில் போனே கை நழுவியது. இதோ, அதை இப்போது நானே எழுதிவிட்டேன். இது அச்சில் வந்துவிட்டால் அதற்கும் ஒரு சான்று ஆகிவிடும். பூப்பெயர்க்காரர் பார்த்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பு இல்லை.